மொழிப் பயன்பாட்டு ஆய்வில் வரிசைநிலை விடைகள்: கோலார் தங்கவயலை முன்வைத்துப் புள்ளியியல் மாதிரித் தேர்வு பற்றிய விளக்கம்

1. முன்னுரை

மொழிப் பயன்பாட்டுக் கள ஆய்வுகளில் வினாநிரலே முதன்மைக் கருவியாக அமைகிறது. 'வீட்டில் தமிழ் பேசுவது உண்டா?' என்னும் வினாவுக்கு 'எப்போதும்', 'பெரும்பாலும்', 'சில வேளைகளில்', 'அரிதாக', 'ஒருபோதும் இல்லை' என்னும் ஐந்து விடைகளுள் ஒன்றைத் தகவலாளர் தேர்ந்தெடுக்கிறார். இவ்விடைகளுக்கு 5, 4, 3, 2, 1 என எண் இட்டுச் சராசரி காண்பது நெடுங்கால வழக்கமாகும். வழக்கம் எளிமையானதே. ஆயினும், அடுத்தடுத்த சொற்களுக்கிடையே உள்ள தொலைவு எங்கும் ஒன்றே என்னும் கூற்று அதனுள் அடங்கியுள்ளது. இது கணக்கியற் கூற்று அன்று; சொற்பொருள் பற்றிய கூற்று. எனவே இதன் பொருத்தத்தை ஆராயும் கடமை மொழியியலாரையே முதலில் சாரும்.

வரிசைப்பட்ட விடைகளை ஆராயத் தகுந்த புள்ளியியல் மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கோலார் தங்கவயல் தமிழரின் மொழிச்சூழலை முன்வைத்து விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். மாதிரித் தேர்வு கணிப்பொறிக்கு விட்டுவிடத்தக்க வேலை அன்று என்பதும், விடைச்சொற்கள் எவ்வாறு வரிசைப்பட்டுள்ளன என்பது பற்றிய மொழியியல் முடிவே அத்தேர்வு என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. கட்டுரையில் வரும் அட்டவணை எண்கள் விளக்கத்திற்காக அமைத்துக்கொண்டவை. கள ஆய்வில் பெறப்பட்டவை அல்ல.

2. களத்தின் இயல்பு

கோலார் தங்கவயல், கர்நாடக மாநிலத்தில், ஆந்திர, தமிழ்நாட்டு எல்லைகளுக்கு அண்மையில் உள்ளது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குச் சுரங்கத் தொழிலை மேற்கொண்டபின் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து தொழிலாளர் பெருந்தொகையினராக வந்து குடியேறினர். அவர்களுள் மிகப் பலர் தமிழ் பேசும் ஒடுக்கப்பட்ட மக்கள். மேற்பார்வைப் பணிகளில் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் இருந்தனர். ஆட்சி மைசூர் சமஸ்தானத்தைச் சார்ந்தது. ஆகவே தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகள் சுரங்கத்திலும் 'லைன்' எனப்படும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் கடைத்தெருவிலும் வெவ்வேறு பங்கு பெற்றன.

தங்கவயல் தமிழ் பேச்சளவில் நின்றுவிட்ட தமிழ் அன்று. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் 1914-இல் மறைந்தபின் பிற்காலத்தில் தங்கவயலிலிருந்தும் வெளிவந்தது. அவருடைய நூல்களை இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை பதிப்பித்துப் பரப்பியது. மாரிக்குப்பம், சாம்பியன் ரீப் ஆகிய இடங்களில் தமிழ்ப் பௌத்தச் சங்கங்கள் செயற்பட்டன. எனவே இக்களத்தில் 'தமிழ் தெரியும்' என்னும் விடைக்குப் பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்னும் மூன்று பொருளும் வரலாற்று அடிப்படையிலேயே உண்டு.

மொழிக்கொள்கையிலும் தொழிலிலும் நேர்ந்த மாற்றங்கள் இச்சூழலை மாற்றின. கோகாக் குழு 1981-இல் அளித்த அறிக்கை உயர்நிலைப் பள்ளிகளில் கன்னடமே முதன்மொழியாக அமைய வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதனையொட்டி மாநிலம் முழுவதும் ஆதரவும் எதிர்ப்பும் கிளம்பின. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை தேடி நாள்தோறும் இரயிலில் பெங்களூருக்குச் சென்று திரும்பும் வாழ்க்கை பலருக்கு வாய்த்தது. 2015-இல் இயற்றப்பட்ட கன்னட மொழி கற்றல் சட்டம், பள்ளிகளில் கன்னடத்தை முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்பிப்பதைக் கட்டாயமாக்கியது.

இம்மாற்றங்களுக்குப்பின் தமிழ் குறைந்துவருகிறதா, எங்கே குறைகிறது, எத்திறனில் குறைகிறது என்பன இயல்பாக எழும் வினாக்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இவற்றுக்கு விடை தருவதில்லை. 2011 கணக்கெடுப்பு தாய்மொழியையும், அறிந்த பிறமொழிகளுள் இரண்டு வரையும் கேட்டுப் பதிந்தது. எந்த அளவு அறிந்துள்ளனர், எவ்வளவு பயன்படுத்துகின்றனர் என்று கேட்கவில்லை. அளவைக் கேட்டறியத் தனி ஆய்வு வேண்டும். அளவைக் கேட்டவுடன் வரிசைநிலை விடைகள் வந்துவிடுகின்றன.

3. வரிசைநிலை என்பது யாது?

அளவைகளைப் பெயரளவை, வரிசை அளவை, இடைவெளி அளவை, விகித அளவை என ஸ்டீவன்ஸ் 1946-இல் நான்காக வகுத்தார். தாய்மொழி தமிழா, தெலுங்கா, கன்னடமா என்பது பெயரளவை. அவற்றுள் முன் பின் இல்லை. அகவை விகித அளவை. நாற்பது இருபதின் இரு மடங்கு. 'அரிதாக', 'சில வேளைகளில்', 'பெரும்பாலும்' என்பன வரிசை அளவை. எது மிகுதி, எது குறைவு என்பது தெரியும். எவ்வளவு மிகுதி என்பது தெரியாது.

லிக்கர்ட் 1932-இல் மனப்பான்மையை அளக்க வகுத்த முறை இவ்விடைகளுக்கு எண் இடும் வழக்கத்தைப் பரப்பியது. எண் இடுவதில் தவறில்லை. வீட்டுக் கதவில் எழுதிய எண்ணைப்போல அது வரிசையைக் குறிக்கும். ஐந்தாம் வீட்டுக்கும் மூன்றாம் வீட்டுக்கும் நடுவே நான்காம் வீடு உள்ளது என்பதற்குமேல் அவ்வெண் எதுவும் சொல்வதில்லை. அதனைக் கூட்டி வகுக்கும்போதுதான் இல்லாத இடைவெளி உண்டாக்கப்படுகிறது.

4. சராசரி மறைப்பது

இரு குழுக்களில் நூறு பேர் வீதம், கடைத்தெருவில் தமிழ் பேசுவது பற்றிப் பின்வருமாறு விடையளித்தனர் எனக் கொள்ளலாம்.

அட்டவணை 1
(விடை வரிசை: ஒருபோதும் இல்லை, அரிதாக, சில வேளைகளில், பெரும்பாலும், எப்போதும்)
முதற்குழு: 10, 20, 40, 20, 10
இரண்டாம் குழு: 40, 5, 10, 5, 40

இரண்டு குழுக்களின் சராசரியும் 3 ஆகும். சராசரிகளை ஒப்பிடும் எந்தச் சோதனையும் வேறுபாடு இல்லை என்றே கூறும். ஆனால் முதற்குழு மொழிகளைக் கலந்து புழங்கும் சமுதாயம். இரண்டாம் குழு இரண்டாகப் பிளவுண்ட சமுதாயம். மொழித்திட்டமிடுவோர் இவ்விரண்டுக்கும் ஒரே பரிந்துரையை அளிப்பின் அது ஒன்றற்கேனும் பொருந்தாது போகும்.

லிடெல், குருஷ்கே ஆகியோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, வரிசைநிலை விடைகளைத் தொடர் எண்களாகக் கொண்டு ஆராயும்போது இல்லாத வேறுபாடு உள்ளதாகத் தோன்றலாம் என்றும், உள்ள வேறுபாடு மறையலாம் என்றும், வேறுபாட்டின் திசையே தலைகீழாகலாம் என்றும் காட்டியது. பல வினாக்களின் எண்களைக் கூட்டிவிட்டால் இக்குறை தானாகவே நீங்கும் என்னும் நம்பிக்கையும் உறுதியானதன்று என அவர்கள் எடுத்துரைத்தனர்.

5. விகிதச்சம மாதிரி

வரிசையை மட்டும் பயன்படுத்தி, இடைவெளியைக் கற்பிக்காத மாதிரிகளுள் மிகப் பரவலானது மெக்கல்லா 1980-இல் விரித்துரைத்த விகிதச்சம மாதிரியாகும். இதன் அடிக்கருத்து வருமாறு: தகவலாளரின் மொழிப் பயன்பாடு தொடர்ச்சியான ஒரு கோட்டின்மீது அமைந்துள்ளது. அக்கோட்டை நான்கு எல்லைப்புள்ளிகள் ஐந்து பகுதிகளாகப் பிரிக்கின்றன. பகுதிகள் சம நீளம் உடையனவாக இருக்க வேண்டியதில்லை. எல்லைப்புள்ளிகள் எங்கெங்கு உள்ளன என்பதை விடைகளே தீர்மானிக்கும். 'பெரும்பாலும்' என்னும் சொல் அகன்ற இடத்தையும் 'அரிதாக' என்னும் சொல் குறுகிய இடத்தையும் கொள்வது இதில் இயலும்.

ஒவ்வோர் எல்லைப்புள்ளியிலும் தகவலாளர் மேற்பகுதியினர், கீழ்ப்பகுதியினர் என இரு கூறாகின்றனர். மேற்பகுதியினர் தொகையைக் கீழ்ப்பகுதியினர் தொகையால் வகுத்தால் சாதக விகிதம் கிடைக்கும். இரு குழுக்களின் சாதக விகிதங்களை ஒன்றால் மற்றொன்றை வகுத்தால் ஈவு ஒன்று கிடைக்கும். இந்த ஈவு நான்கு எல்லைப்புள்ளிகளிலும் ஒன்றே என்பது இம்மாதிரியின் கருதுகோள். அதனால்தான் இது விகிதச்சம மாதிரி எனப்படுகிறது. 'முதியோரை நோக்க இளையோரின் சாதக விகிதம் எந்த எல்லையிலும் பாதி' என ஒரே எண்ணால் முடிவைக் கூற முடிவது இதன் பெரும் பயன்.

இன்னொரு பயன் மொழிபெயர்ப்பாளர்க்கு உரியது. அடுத்தடுத்த இரு விடைவகைகளை ஒன்றாக இணைத்தாலும் அந்த ஈவின் பொருள் இம்மாதிரியில் மாறுவதில்லை. ஒரு மொழியில் இரு விடைச்சொற்களைத் தெளிவாக வேறுபடுத்த இயலாதபோது அவற்றை இணைத்து ஆராய்வதற்கு இது வழிவகுக்கிறது.

எனினும், கருதுகோள் பொருந்துகிறதா எனச் சோதித்தல் இன்றியமையாதது. அட்டவணை 1-இன் எண்களையே எடுத்துக்கொண்டால், முதல் எல்லைப்புள்ளியில் முதற்குழுவின் சாதக விகிதம் 90க்கு 10, அதாவது 9. இரண்டாம் குழுவினது 60க்கு 40, அதாவது 1.5. ஈவு ஆறில் ஒன்று. நான்காம் எல்லைப்புள்ளியில் முதற்குழுவினது 10க்கு 90; இரண்டாம் குழுவினது 40க்கு 60. ஈவு 6. ஒரு முனையில் ஆறில் ஒன்றும் மறுமுனையில் ஆறும் வரும் இடத்தில் அனைத்திற்கும் ஒரே ஈவு எனக் கொள்ளும் மாதிரி, ஈவு 1 என்றும் வேறுபாடு இல்லை என்றும் கூறிவிடும். சராசரி செய்த அதே பிழை இங்கும் நேரும். ஆகவே சராசரியை விட்டு இம்மாதிரிக்கு மாறுவது மட்டும் போதாது. நான்கு ஈவுகளையும் தனித்தனியே கணித்து அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

இதற்கென பிராண்ட் 1990-இல் ஒரு சோதனையை வகுத்தார். தகவலாளர் தொகை மிகும்போது பொருட்படுத்தத் தகாத சிறு விலகலையும் அச்சோதனை பெரிதாக்கிக் காட்டக்கூடும். எனவே சோதனையின் முடிவோடு ஈவுகளின் போக்கையும் சேர்த்துக் காண்பதே முறை. சில காரணிகளுக்கு மட்டும் ஈவு மாறுபடுமாயின், பீட்டர்சன், ஹாரல் ஆகியோர் 1990-இல் முன்வைத்த பகுதி விகிதச்சம மாதிரி பொருந்தும். அகவையின் விளைவு எல்லா எல்லைகளிலும் ஒன்றாகவும், பெங்களூருக்கு வேலைக்குச் செல்வதன் விளைவு 'எப்போதும்' என்னும் எல்லையில் மட்டும் மிகுதியாகவும் இருத்தல் இதற்கு எடுத்துக்காட்டாகும்.

6. படிநிலை மாதிரி

எல்லா வரிசைகளும் ஒரே வகையின அல்ல. 'அரிதாக' என்னும் நிலையைக் கடந்துதான் 'பெரும்பாலும்' என்னும் நிலையை ஒருவர் அடைய வேண்டும் என்பதில்லை. ஆனால் மொழித்திறன் பற்றிய வினாவில் விடைகள் ஏணிப்படிகளாக அமைகின்றன: பேச்சு விளங்கும், பேச வரும், வாசிக்க வரும், எழுத வரும். தாய்மொழிச் சூழலில் ஒருவர் பொதுவாக ஒரு படியைக் கடந்தே அடுத்ததை அடைகிறார். இத்தகைய விடைகளுக்குப் படிநிலை மாதிரி ஏற்றது. ஒவ்வொரு படியிலும், அதுவரை வந்தவர்களுள் எத்தனை பேர் அடுத்த படிக்குச் சென்றனர் என்பதை இது தனித்தனியே கணிக்கிறது.

தமிழ் கற்றுப் பள்ளி முடித்த நடுவயதினர் நூறு பேரும், பள்ளிக்கல்வியை வேறு மொழியில் பெற்ற இளையோர் நூறு பேரும் பின்வருமாறு அமைந்தனர் எனக் கொள்ளலாம்.

அட்டவணை 2
(விடை வரிசை: விளங்கும் மட்டும்; பேசுவர், வாசியார்; வாசிப்பர், எழுதார்; எழுதுவர்)
நடுவயதினர்: 2, 18, 10, 70
இளையோர்: 4, 56, 5, 35

முதற்படியில் நடுவயதினருள் 98 பேரும் இளையோருள் 96 பேரும் பேசுகின்றனர். வேறுபாடு இல்லை எனலாம். இரண்டாம் படியில், பேசுவோர் 98 பேருள் 80 பேர் வாசிக்கும் நடுவயதினர். இது 82 விழுக்காடு. இளையோருள் பேசுவோர் 96 பேரில் வாசிப்பவர் 40 பேர் மட்டுமே. இது 42 விழுக்காடு. மூன்றாம் படியில் வாசிப்போருள் எழுதுவோர் நடுவயதினரில் 80க்கு 70, இளையோரில் 40க்கு 35, இரண்டும் 87.5 விழுக்காடே.

இழப்பு முழுவதும் ஒரே படியில், எழுத்தறியும் படியில் நிகழ்ந்துள்ளது. இவ்விடைகளுக்கு எண் இட்டுச் சராசரி கண்டால் 'இளையோரிடம் தமிழ்த்திறன் குறைந்துள்ளது' என்னும் பொதுவுரையே கிடைக்கும். அதனைப் படிக்கும் ஒருவர் வீட்டில் தமிழ் பேசுவதை ஊக்குவிக்க வேண்டும் எனப் பரிந்துரைக்கலாம். படிநிலை மாதிரியோ வேறொன்றைச் சொல்கிறது: பேச்சு நிலைத்துள்ளது, எழுத்துகளைக் கற்பிக்கும் மாலை வகுப்புகள் அமைத்தால் போதும், வாசிக்கக் கற்றவர் எழுதவும் கற்றுக்கொள்கின்றனர். ஒரே தரவு, இரு மாதிரிகள், இரு வேறு பரிந்துரைகள். பதிப்பு மரபு உடைய ஓர் ஊரில் இவ்வேறுபாடு சிறிதன்று.

இங்கு எச்சரிக்கை ஒன்றும் தேவை. பள்ளிக்கே செல்ல வாய்ப்பில்லாத முதிய சுரங்கத் தொழிலாளரும், ஆங்கிலவழிப் பள்ளியில் பயின்ற அவருடைய பேரனும் 'பேசுவர், வாசியார்' என்னும் ஒரே கட்டத்தில் இடம்பெறுவர். முன்னவர் எந்த எழுத்தையும் அறியாதவர். பின்னவர் வேறெழுத்து அறிந்தவர். எனவே 'ஏதேனும் ஒரு மொழியில் வாசிக்க வருமா?' என்னும் வினாவைத் தனியே கேட்டு, அதனை விளக்க மாறியாகச் சேர்த்தல் வேண்டும். இல்லையேல் எழுத்தறிவின்மையும் மொழிப்பெயர்ச்சியும் ஒன்றாகக் கலந்துவிடும்.

7. வரிசை உடையும் இடம்

'தமிழ் மட்டும், பெரும்பாலும் தமிழ், இரண்டும் சமம், பெரும்பாலும் கன்னடம், கன்னடம் மட்டும்' என்னும் விடைத்தொகுதி இருமொழிச் சூழலில் வரிசையாகத் தோன்றும். சூசன் கால் 1979-இல் வெளியிட்ட நூலில் ஆஸ்திரியாவின் ஓபர்வார்ட் ஊரில் ஹங்கேரிய மொழிக்கும் ஜெர்மன் மொழிக்கும் இடையே நிகழ்ந்த தேர்வை ஆராய்ந்தபோது, இரு மொழிகளே களத்தில் இருந்தமையால் பேசுவோரையும் கேட்போரையும் வரிசைப்படுத்திக் காட்ட இயன்றது.

தங்கவயலில் களம் இரு மொழியளவில் நிற்பதில்லை. மகளிடம் ஆங்கிலமும், அண்டை வீட்டாரிடம் தெலுங்கும், அலுவலகத்தில் கன்னடமும் பேசும் ஒருவரை மேற்கூறிய வரிசையில் எங்கு வைப்பது? 'இரண்டும் சமம்' என்னும் நடுக்கட்டமும் ஐயத்திற்குரியது. ஒரே உரையாடலில் இரு மொழியையும் கலப்பவரும், வீட்டில் ஒன்றையும் பணியிடத்தில் மற்றொன்றையும் தூய்மையாகப் பேசுபவரும் அதனையே தேர்ந்தெடுப்பர். அவர்கள் இரு முனைகளுக்கும் நடுவில் இருப்பவர் அல்லர்; வேறு வகையினர்.

இத்தகைய நிலையில் விடைகளைப் பெயரளவையாகக் கொண்டு பல்வகை மாதிரியைப் பயன்படுத்துவதே நேர்மையானது. அது மிகுதியான எண்களை மதிப்பிட வேண்டியிருப்பதால் தகவலாளர் தொகை பெரிதாக இருத்தல் வேண்டும். வரிசை உண்டா இல்லையா என்பதில் ஐயம் இருப்பின் ஆண்டர்சன் 1984-இல் வகுத்த மாதிரி துணைபுரியும்; அது வரிசையை முன்கூட்டிக் கொள்ளாமல், தரவிலிருந்தே விடைவகைகளின் இடங்களை மதிப்பிடுகிறது. எளிய மாற்றுவழி, வினாவையே பிரிப்பதாகும்: வீடு, கடைத்தெரு, வழிபாட்டிடம், பணியிடம் என ஒவ்வொரு புழங்குகளத்திற்கும் தனி வினா, ஒவ்வொரு வினாவிலும் ஒரே மொழி.

8. மொழிபெயர்ப்பும் எல்லைப்புள்ளிகளும்

தங்கவயலில் வினாநிரல் தமிழில் மட்டும் அமைந்தால் போதாது. கன்னடத்திலும் தெலுங்கிலும் வேண்டும். விடைச்சொற்களை மொழிபெயர்க்கும்போது எல்லைப்புள்ளிகள் நகர்கின்றன. தமிழில் 'அரிதாக' என்பது ஏட்டுச்சொல். பேச்சில் 'எப்பவாவது' என்பதே வழங்குகிறது. அது 'அரிதாக' என்பதற்கும் 'சில வேளைகளில்' என்பதற்கும் இடைப்பட்ட பரப்பைக் கொள்ளும். கன்னடத்தில் 'அபரூபவாகி' என்னும் சொல் அருமைப்பாட்டையும் சாயலாக உணர்த்த வல்லது. அகராதி இவற்றை நிகரன்களாகத் தரலாம். கோட்டின்மீது அவை ஒரே இடத்தில் நிற்பதில்லை.

எதிர்மறை மேலும் இடர் தரும். 'எப்போதும் தமிழ் பேசுவதில்லை' என்னும் தொடர், ஒருபோதும் பேசாமையையும் உணர்த்தும். எல்லா நேரமும் பேசாமையையும் உணர்த்தும். ஒன்று வரிசையின் கீழ்முனை. மற்றொன்று மேல்முனைக்கு அடுத்த நிலை. தெலுங்கில் 'எப்புடூ' என்னும் சொல் உடன்பாட்டில் 'எப்போதும்' எனவும் எதிர்மறையில் 'ஒருபோதும்' எனவும் பொருள்படும். ஆகவே வினாக்களை உடன்பாட்டிலேயே அமைத்தல் வேண்டும்.

அடக்கமும் எல்லைப்புள்ளியை நகர்த்தும். நன்கு தமிழ் வாசிப்பவர் 'சுமாராக வரும்' என்பார். தட்டுத்தடுமாறி வாசிப்பவரும் அதையே சொல்வார். வினவுபவர் கன்னடர் எனத் தெரிந்தால் கன்னடத்திறனை ஒருவர் ஒரு படி உயர்த்தியும் கூறலாம், தாழ்த்தியும் கூறலாம். எனவே வினாநிரலின் மொழி, வினவியவரின் மொழி ஆகிய இரண்டையும் ஒவ்வொரு விடையோடும் பதிதல் வேண்டும்.

மாதிரியில் எல்லைப்புள்ளிகள் வினாநிரலின் மொழிக்கேற்ப மாற இடம் தரலாம். ஆயினும் ஒருவர் ஒரு வடிவத்திற்கு மட்டுமே விடையளிக்கும்போது, கன்னட வடிவில் விடைகள் தாழ்ந்திருப்பது சொல்லாலா, வாழ்வாலா என்பதைக் கணக்கு மட்டும் கொண்டு பிரித்தறிய இயலாது. இதற்குக் கேரி கிங்கும் பிறரும் 2004-இல் ஒரு வழி கூறினர். கற்பனை மாந்தர் ஒருவரை விவரித்து, அவரைப் பற்றி எல்லாத் தகவலாளரிடமும் கேட்பதே அவ்வழி: 'ஒருவர் மனைவியிடம் தமிழிலும் பிள்ளைகளிடம் ஆங்கிலத்திலும் பேசுகிறார், இவர் வீட்டில் தமிழ் பேசுவது எந்த அளவு?' விவரிக்கப்பட்டவர் ஒருவரே ஆதலின், விடை வேறுபடுமாயின் அவ்வேறுபாடு சொல்லின் எல்லையைச் சார்ந்ததாகும். அதனைக் கொண்டு தகவலாளர் தம்மைப் பற்றிக் கூறிய விடையைச் சீர்செய்யலாம். இவ்விவரிப்பும் மும்மொழியிலும் ஒரே காட்சியைத் தர வேண்டும் ஆதலால் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு குறைவதில்லை. விடைச்சொல்லிலிருந்து விவரிப்புக்கு இடம்பெயர்கிறது.

9. தேர்வு முறை

மேற்கூறியவற்றிலிருந்து தேர்வுக்குரிய வினாக்களைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

(அ) விடைகள் உண்மையில் வரிசைப்பட்டனவா? இல்லையெனில் பல்வகை மாதிரி.

(ஆ) வரிசை உண்டெனில் அது ஏணியா, கோடா? ஒரு நிலையைக் கடந்தே அடுத்ததை அடைய வேண்டுமெனில் படிநிலை மாதிரி. ஒரே தொடர்ச்சியைப் பகுத்த பகுதிகள் எனில் விகிதச்சம மாதிரி.

(இ) எல்லைப்புள்ளிதோறும் ஈவு ஏறத்தாழ ஒன்றா? இல்லையெனில் பகுதி விகிதச்சம மாதிரி.

(ஈ) ஒரே வீட்டினர், ஒரே குடியிருப்பினர் பலர் விடையளித்துள்ளனரா? அவர்கள் விடைகள் ஒன்றையொன்று சார்ந்தவை; குடும்பத்தின் விளைவை மாதிரியில் தனியே சேர்க்காவிடில் முடிவின் உறுதி மிகைப்படும்.

(உ) வினாநிரல் பல மொழிகளில் வழங்கப்பட்டதா? எல்லைப்புள்ளிகள் மொழிக்கேற்ப மாற இடம் உண்டா?

இவற்றுக்கு விடை கண்டபின் ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகள் எஞ்சுமாயின், அகாய்கே 1974-இல் வகுத்த அளவுகோல் போன்றவற்றால் அவற்றை ஒப்பிடலாம். அவ்வளவுகோல் கடைசியில் வர வேண்டியது. பொருளுக்குப் பொருந்தாத மாதிரி எண்களுக்குப் பொருந்தினாலும் அதன் முடிவைத் தமிழில் ஒரு வாக்கியமாகச் சொல்லும்போது அது தவறான வாக்கியமாகவே இருக்கும்.

10. முடிவுரை

வரிசைநிலை விடைகளுக்கு எல்லா இடத்திலும் பொருந்தும் மாதிரி ஒன்று இல்லை. பயன்பாட்டு அளவு, திறன், மொழித்தேர்வு ஆகிய மூன்றும் ஒரே வினாநிரலில் இடம்பெற்றாலும் மூன்றுக்கும் வெவ்வேறு மாதிரிகள் தேவைப்படலாம். வினாநிரலை அமைக்கும்போதே, ஒவ்வொரு விடைத்தொகுதியின் அருகிலும் அது கோடா, ஏணியா, வரிசையற்ற தொகுதியா என மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கூடிக் குறித்து வைப்பின், பின்னர்க் கணிப்போர்க்கு ஐயம் எழாது.

தங்கவயல் போன்ற சிறுபான்மைத் தமிழ்ச் சூழல்களில் இக்குறிப்பு மேலும் தேவையாகிறது. அங்கு ஆய்வின் முடிவு பள்ளி, நூலகம், மாலை வகுப்பு ஆகியவற்றைப் பற்றிய கோரிக்கையாக மாறுகிறது. பேச்சு நிலைத்திருக்க எழுத்து மட்டும் நழுவும் சமுதாயத்தைப் பார்த்து 'தமிழ் குறைந்துவிட்டது' என ஒரே எண்ணில் கூறும் ஆய்வு, அம்மக்களிடம் உள்ளதையும் கணக்கில் கொள்ளாது. இல்லாததையும் அடையாளம் காட்டாது.